ஒற்றை ரிங்கு

ஸ்கிரிப்ட் ஓடி முடிந்ததும் திரையில் "எல்லாம் புதிது" என்று பச்சை எழுத்து வரும். அன்றைக்கும் வந்தது. ஆனாலும் பட்டியலைக் கீழே இழுத்துக்கொண்டே போன ஜெசிந்தாவின் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. அல்போன்சா என்ற பெயரில் ஒரு கைபேசி இருந்தது. அதற்கு நேர் கீழே இன்னொரு அல்போன்சாவும் இருந்தாள்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க. அல்போன்சா ரெண்டு பேரு இருக்காவ."

டீ டம்ளரோடு எழுந்து வந்தார் செண்பகராஜ். கோவில்பட்டிக்காரர், சோதனைப் பிரிவுக்குத் தலைவர். "ரெண்டு பேரா? ஒருத்தியையே நம்மால சமாளிக்க முடியல" என்றபடி குனிந்து பார்த்தவரின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. அல்போன்சா மட்டுமல்ல. பட்டியல் நெடுக அப்படி ஏழு ஜோடிகள் இருந்தன.

அந்த அலுவலகம் தூத்துக்குடியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது. அங்கே உருவாகிக்கொண்டிருந்த எச்சரிக்கை ஏற்பாட்டுக்குக் 'கரைக்குரல்' என்று பெயர். கடலில் புயல் என்றால் கரையோரத்துக் கைபேசிகளையெல்லாம் சில நிமிடங்களில் கூப்பிட்டு, காப்பகத்துக்குப் போகச் சொல்ல வேண்டும். உண்மையான கைபேசிகளைக் கூப்பிடுவதற்கு முன்னால் பொய்க் கைபேசிகளைக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காகத்தான் இந்தச் சிமுலேட்டர்கள். கணினிக்குள் மட்டும் இருப்பவை. கண்ணாடியும் இல்லை, பேட்டரியும் இல்லை. ஆனால் மணி அடிக்கும்.

மற்ற கம்பெனிகள் கைபேசியை மட்டும் பாவனை செய்தன. இவர்கள் அதைக் கையில் வைத்திருக்கும் ஆளையும் சேர்த்துப் பாவனை செய்தார்கள். 'நிழலாள்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கரையோர வீடுகளில் அனுமதி வாங்கிச் சேர்த்த அழைப்புப் பழக்கங்களையும் நடமாட்டங்களையும் ஒவ்வொரு நாளும் ஊட்டுவார்கள். நிழலாள் அதைப் பார்த்துப் பார்த்து, யார் கூப்பிட்டால் எடுப்பது, யார் கூப்பிட்டால் விடுவது, கேட்ட பிறகு எங்கே போவது என்று கற்றுக்கொள்ளும். ஆனால் மறுநாள் காலையில் ஸ்கிரிப்ட் ஓடும். எல்லாவற்றையும் அழித்து, அதே பெயர்களில் மறுபடி படைத்துவிடும். நேற்றைய சோதனையின் மிச்சம் இன்றைய சோதனையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பது செண்பகராஜ் வைத்த சட்டம். "சாப்பிட்ட எலையிலயே மறுபடியும் சோறு போடுவியா?" என்று கேட்பார்.

"எப்படி சார் ரெண்டு ஆச்சு?"

"ஓடிக்கிட்டு இருக்குற கைபேசிய அழிக்க முடியாதும்மா. முதல்ல அணைக்கணும், அப்புறந்தான் அழிக்கணும். ஸ்கிரிப்ட் ஓடுற நேரத்துல இந்த ஏழும் போன் கால்ல இருந்திருக்கு. அழிக்க முடியலன்னு அது கத்திருக்கும். பிழை வந்தா கண்டுக்காம மேல போன்னு நாமதானே எழுதி வச்சிருக்கோம். அது பாட்டுக்குப் புதுசா ஒண்ணப் படைச்சிட்டு வந்துருச்சு."

"அப்ப இந்தப் பழைய ஏழும்..."

செண்பகராஜ் பிறந்த தேதியைத் தட்டிப் பார்த்தார். மூன்று வாரம். தினந்தோறும் ஸ்கிரிப்டுக்குத் தப்பித்திருக்கின்றன. படகுகள் திரும்புகிற காலைப்பொழுதும் ஸ்கிரிப்ட் ஓடுகிற பொழுதும் ஒன்றாக இருந்ததால், அந்நேரத்தில் அவை எப்போதும் மும்முரமாக இருந்திருக்கின்றன. பச்சை எழுத்து வந்த பிறகு பட்டியலை யார் பார்க்கிறார்கள்? இன்றைக்கு ஜெசிந்தா பார்த்ததற்கும் பொறுப்பு காரணமில்லை, பதற்றம்தான் காரணம். கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை.

அவள் சிப்பிக்கரைக்காரி. தினமும் பஸ்ஸில் வந்து போகிறவள். அவளுடைய தம்பி ஜூடின் திங்கட்கிழமை கடலுக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. வளைகுடாவில் சுழன்றுகொண்டிருந்த புயல் வடக்கே போகும் என்றுதான் நேற்றுவரை சொன்னார்கள். விடிந்ததும் மேற்கே திரும்பிவிட்டது. மாலைக்குள் கடல் ஊருக்குள் ஏறும் என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது.

"வஹிதா மேடம் இப்ப வந்துருவாங்க" என்றார் செண்பகராஜ். "இன்னைக்கு அவங்க கையெழுத்து போட்டாத்தான் கரைக்குரல் கரையேறும். வர்றதுக்குள்ள ஒரு ஒத்திகை பாத்துருவோம். ரெட்டையெல்லாம் அப்படியே கெடக்கட்டும், ஓட விடு."

வஹிதா பேரிடர் வேலைகளுக்குப் பொறுப்பான அதிகாரி. கையெழுத்து விழுந்துவிட்டால் ஊர் ஊராக மைக் கட்டிக்கொண்டு போகும் ஜீப் நின்றுவிடும். அதன் வேலையைக் கைபேசியே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் ஏற்பாடு.

ஜெசிந்தா ஒத்திகையைத் தொடங்கினாள். வரைபடத்தில் கடலோரம் நெடுகப் பொட்டுகள் மினுங்கின. கரைக்குரல் முதலில் எல்லோருக்கும் ஒரு 'தொடு அழைப்பு' கொடுக்கும். ஒரே ஒரு மணி, அவ்வளவுதான். அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் தொட வேண்டுமென்றால் நின்று அடிக்க நேரம் கிடையாது. யார் திருப்பிக் கூப்பிடுகிறார்களோ அவர்களுக்குச் செய்தி கேட்கும்; அவர்கள் பேருக்கு நேரே 'ஒப்புக்கொண்டார்' என்று விழும். திருப்பிக் கூப்பிடாதவர்களை மட்டும் கரைக்குரல் மறுபடி கூப்பிட்டு, எடுக்கும்வரை அடிக்கும்.

புது நிழலாட்கள் சொன்னபடி கேட்டார்கள். திருப்பிக் கூப்பிட்டார்கள், முழுச் செய்தியையும் கேட்டார்கள், பொட்டுகள் ஒவ்வொன்றாகக் காப்பகத்தை நோக்கி நகர்ந்தன. ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டார், ஒப்புக்கொண்டார்.

பழைய ஏழு பேருக்கும்கூட அப்படித்தான் விழுந்தது. ஆனால் அந்த ஏழு பொட்டுகளும் காப்பகத்துக்குப் போகவில்லை.

"சார், இவங்க கடலப் பாக்கப் போறாவ."

செண்பகராஜ் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மேற்கே போக வேண்டிய ஏழும் கிழக்கே, நேராக அலைவாய்க்குப் போய் வரிசையாக நின்றன. அங்கேயே நின்றுகொண்டிருந்தன.

"திசை மாறிப் போச்சு. மூணு வாரமா அணைக்காம ஓடுனா அப்படித்தான், கிறுக்குப் புடிச்சிரும். இதுக்குத்தான் அழிச்சு அழிச்சுப் படைக்கிறது. நான் ஸ்கிரிப்ட்ல அணைக்குற வரியச் சேத்து ஓட்டி விடுதேன். நீ அறிக்கைய எடுத்து வை."

"ஏழும் ஒண்ணு போலவா சார் கிறுக்குப் புடிக்கும்?"

"கூட்டாளிங்கல்லா" என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போனார் அவர்.

அப்போதுதான் ஜெசிந்தாவின் கைபேசி மேசைமேல் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. அவள் திரையைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரல் தானாகப் போய்த் திருப்பி ஒரு ரிங்கு விட்டுத் துண்டித்தது. காலையிலிருந்து நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது சட்டென்று அவிழ்ந்தது.

"தம்பி வந்துட்டான் சார்!"

"எங்க, வாசல்லயா?"

"இல்ல சார், ரேஞ்சுக்குள்ள வந்துட்டான். ரிங்கு விட்டுட்டான்."

"பேசவே இல்லியேம்மா நீ."

"எதுக்குப் பேசணும்? நடுக்கடல்ல சிக்னலுக்கு மெதக்குற மெதவக் கோபுரம் போட்டிருக்காவல்ல, அது வழியா பேசுனா கொரலு துண்டு துண்டாத்தான் விழும். காத்து வேற. மணி மட்டுந்தான் சுத்தமா வரும். அதனால ஒத்த ரிங்கு விட்டா நல்லாருக்கோம், கிட்ட வந்துட்டோம்னு அர்த்தம். நாம ஒத்த ரிங்கு திருப்பி விட்டா, சரி வாங்கன்னு அர்த்தம். எங்க ஊர்ல யாரும் அத எடுக்க மாட்டாவ."

"யாரு நம்பர்னு பாக்க மாட்டியா?"

"மெதவ வழியா வந்தா நம்பரு ஒவ்வொரு தடவ ஒவ்வொண்ணா வரும். கடலுக்குப் போன போட்டுல யாரு போன் கையில இருக்கோ அதுல விடுவாவ. விட்டா எல்லா வீட்டுக்கும் வரிசையா விடுவாவ." மூன்று நாள் அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் அவளுக்கு அந்நேரம் வந்தது. "இப்ப எந்தம்பி பொண்டாட்டி மெர்சிட்டாவுக்கும் வந்திருக்கும். ஒலைய எறக்கி வச்சிட்டுக் கூடையத் தூக்கிட்டு ஓடிருப்பா, கடக்கரைக்கு..."

சொல்லிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. அவள் மெதுவாகத் திரும்பித் திரையைப் பார்த்தாள். ஏழு பொட்டுகள் அலைவாயில் நின்றுகொண்டிருந்தன.

"சார்."

"என்ன?"

"அதுங்களுக்குக் கிறுக்குப் புடிக்கல சார். அதுங்க எங்க ஊரு ஆளுங்களா ஆயிருக்கு. நம்ம தொடு அழைப்பு ஒத்த ரிங்கு. போட்டு வந்துருச்சுன்னு நெனச்சு ஒத்த ரிங்கு திருப்பி விட்டுட்டு மீன் எடுக்கக் கரைக்குப் போயிருக்கு. திருப்பிக் கூப்பிட்டா ஒப்புக்கொண்டார்னு நாம எழுதிக்கிறோம். செய்தி ஓடுறதுக்கு முன்னாடியே அவங்க வச்சிருவாவளே சார்! யாருமே கேக்கல!"

செண்பகராஜின் கை விசைப்பலகைமேல் இருந்தது. அவர் அவளைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். திரையில் ஏழு பொட்டுகளும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. பச்சை எழுத்து வந்தது. எல்லாம் புதிது.

"ஓட்டிட்டேம்மா" என்றார் தணிந்த குரலில்.

"திருப்பிக் கொண்டு வர முடியாதா சார்?"

"முடியாது. அழிக்கிறதுக்குத்தானே எழுதுனது."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார் வஹிதா. நெற்றியில் மழைத்துளி வழிந்தாலும் முகத்தில் களைப்பைவிட மகிழ்ச்சிதான் கூடுதலாக இருந்தது.

"என்ன செண்பகராஜ், பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க? கையெழுத்து போடத்தான் வந்தேன். உங்க கரைக்குரல் பிரமாதம்."

"மேடம், ஒரு சின்னச் சிக்கல்..." என்று இழுத்தார் அவர்.

"சிக்கலா? நேத்து நீங்க அனுப்புன அறிக்கைல எல்லாமே சரியா இருந்துச்சே. புயல் திரும்புனதும் எங்களால காத்துக்கிட்டு இருக்க முடியல. இப்பத்தான், நான் வண்டியில வரும்போதே, உண்மையான பட்டியலுக்கே ஓட்டச் சொல்லிட்டேன். சிப்பிக்கரையில ஒரு வீடு பாக்கியில்ல, எல்லாரும் ஒப்புக்கொண்டாச்சு! அதனால ஜீப்பை அங்கிருந்து திருப்பி வடக்க அனுப்பிட்டோம்."

ஜெசிந்தா தன் கைபேசியை எடுத்தாள். அதை நிமிர்த்திப் பார்ப்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. கடைசியாக வந்த எண்ணின் பின்பாதி முழுக்கச் சைபராகக் கிடந்தது. தினம் தினம் அவளே சோதனையில் பார்க்கிற எண் அது. கரைக்குரலின் எண்.

ஜூடின் வரவில்லை. ஊர் முழுக்க அவன் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது.

அவள் மெர்சிட்டாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். நெடுநேரம் அடித்தது. எடுத்ததும் முதலில் காற்றுதான் பேசியது.

"யாரு? யாருக்கு என்ன?" என்று மெர்சிட்டாவின் குரல் பதறியது.

"நாந்தாம்ட்டி. ஜெசிந்தா."

"மைனி! ஈரக்கொலையே நடுங்கிட்டு. இப்படியா விடாம அடிப்பாவ? எழவு விழுந்தாத்தான் இப்படி அடிப்பாவ."

"எங்க நிக்க?"

"கடக்கரையிலதான். ஒங்க தம்பி ரிங்கு விட்டுட்டாவ. அதுவும் இன்னைக்கு அதிசயத்தப் பாருங்க, எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்துல வந்துருக்கு. எல்லா போட்டும் ஒண்ணா வருது போல. கரையே நெறஞ்சு கெடக்கு, பிள்ளையள வேற தூக்கிட்டு வந்துருக்காளுவ. அலைதான் மைனி என்னமோ மாதிரி..."

"மெர்சி, அது போட்டு இல்ல. ரிங்கு விட்டது ஆபீஸ் மெஷினு. கடலு உள்ள வரப்போகுது. எல்லாரையும் கூட்டிட்டுக் காப்பகத்துக்கு ஓடு."

"என்ன சொல்லுதிய? ஒண்ணும் கேக்கல. அவ்வொ வந்துட்டாவல்லா, விட்டுட்டு எங்க ஓட?"

வஹிதாவின் முகத்தில் நிறமே இல்லை. "நான் ஜீப்பைத் திருப்பச் சொல்றேன்" என்று தன் கைபேசியை எடுத்தார். அந்தப் பக்கம் கேட்ட பதிலுக்கு உதட்டைக் கடித்தார். "பாலத்தைத் தாண்டிட்டாங்களாம். திரும்பி வர நேரம் ஆகும்."

"ஊருக்கு முழுசா நீட்டி அடிச்சுருவோம்" என்றாள் ஜெசிந்தா. "தொடு அழைப்பு வேண்டாம். எடுக்குற வரைக்கும் விடாம அடிக்கட்டும். நீட்டி அடிச்சா கெட்ட சேதின்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியும்."

"ஒப்புக்கொண்டவங்களைத் திரும்பக் கூப்பிடாதும்மா அது" என்றார் செண்பகராஜ். சொல்லும்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "பட்டியலை அழிச்சிட்டுப் புதுசாப் படைக்கணும். யாருமே ஒப்புக்கல்லங்குற மாதிரி. மேடம், சொல்லுங்க."

"மேல கேட்காம ரெண்டாவது தடவை..." என்று ஆரம்பித்த வஹிதா, ஸ்பீக்கரில் ஏதோ ஒரு குழந்தை சிரிப்பதைக் கேட்டு நிறுத்திக்கொண்டார். அலை காலில் பட்டுச் சிரிக்கிற சிரிப்பு அது. "ஓட்டுங்க. நான் பாத்துக்கிறேன்."

செண்பகராஜின் விரல்கள் இரண்டு வரியை அடித்தன. ஸ்கிரிப்ட் ஓடியது. சிப்பிக்கரையில் ஒப்புக்கொண்ட அத்தனை பேரும் அழிந்து, ஒப்புக்கொள்ளாதவர்களாக மறுபடி பிறந்தார்கள்.

ஸ்பீக்கரில் முதலில் ஒரு மணி கேட்டது. பிறகு பத்து, பிறகு கரை முழுக்க. பாட்டு மணி, பறவை மணி, பழைய காலத்து டிரிங் டிரிங் எல்லாம் கலந்து காற்றையும் அலையையும் அமுக்கின. பேச்சுச் சத்தம் மட்டும் அடங்கிவிட்டது.

"மெர்சி? என்ன நடக்கு? எடுக்காவளா?"

"யாரும் எடுக்கல மைனி." அவள் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "எல்லாருக்கும் நீட்டி அடிக்கு. பயந்து போயி நிக்காளுவ. கையில வச்சிட்டுப் பாத்துக்கிட்டே நிக்காளுவ. மாதாவே, எந்த போட்டு மைனி? யாரு போட்டு?"

ஜெசிந்தாவுக்குப் புரிந்தது. தன் வீட்டுக்காரன் போய்விட்டான் என்ற சேதியைத் தன் கையாலேயே எடுத்துக் கேட்க எவளுக்குத் துணிவு வரும்? எடுக்காதவரை அவன் உயிரோடு இருக்கிறான். எடுக்காமலே, மணி அடிக்க அடிக்க, கடலுக்கு முன்னால் நின்றுகொண்டே இருப்பார்கள்.

"மெர்சி, நான் சொல்லுதத மட்டும் செய். பக்கத்துல யாரு நிக்கா?"

"தெரசம்மா அக்கா."

"ஒன் போனத் தெரசம்மாகிட்ட குடு. அவ போன நீ புடுங்கி எடு. அது ஒனக்கு வந்த சேதி இல்லல்லா, ஒனக்கென்ன பயம்? எடுத்துக் காதுல வை!"

கைபேசி கைமாறும் சரசரப்பு கேட்டது. இடையில் ஒரு மணி அறுந்தது. மூவரும் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தார்கள். பின்பு, தூரத்தில், மெர்சிட்டாவின் குரல் முழுத் தொண்டையில் எழுந்தது. "எளா, போட்டு இல்லட்டி! யாருக்கும் ஒண்ணும் இல்ல! கடலு ஏறுதாம், காப்பகத்துக்குப் போகச் சொல்லுது! போன மாத்தி எடுங்கட்டி, அவ போன நீ எடு, நீ அவகிட்ட குடு!"

மணிகள் ஒவ்வொன்றாக அறுந்தன. வரைபடத்தில் சிப்பிக்கரையின் உண்மைக் கைபேசிகளின் பொட்டுகள் கொஞ்சம் தயங்கின. பிறகு ஒன்று நகர்ந்தது. அதன் பின்னே இரண்டு. பிறகு கூட்டமாக, தட்டுத்தடுமாறி, மேற்கே.

வஹிதா சுவரோரமாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கையெழுத்துக்காகக் கொண்டு வந்த பேனா இன்னும் அவர் விரல் நடுவில் இருந்தது. செண்பகராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அந்த ஏழையும் இன்னும் கொஞ்ச நேரம் விட்டு வச்சிருக்கலாம்" என்றார்.

கடல் பிற்பகலில் ஏறியது. கரையோரம் இருந்த ஏலக்கூடத்தின் கூரை வரைக்கும் வந்து போனதாகக் காப்பகத்திலிருந்து சொன்னார்கள். ஊரில் ஒரு தலையும் குறையவில்லை. கடலுக்குள் போனவர்களைப் பற்றி மட்டும் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பஸ் ஓடவில்லை. ஜெசிந்தா கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டு, அதற்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கிய நேரத்தில் அது அதிர்ந்தது. ஒரே ஒரு தடவை.

அவளுடைய கட்டைவிரல் வழக்கம்போல் எழுந்து பாதியில் நின்றது. திரையில் தெரியாத எண் ஒன்று இருந்தது. சைபர்கள் இல்லை. ஆனால் அதனால் என்ன? நாளைக்குக் கரைக்குரலின் எண் மாறலாம், இன்னொரு கம்பெனியின் எண்ணாகவும் இருக்கலாம். காலையில் நெஞ்சுக்குள் அவிழ்ந்ததே, அது இப்போது அவிழ மறுத்தது. செண்பகராஜும் வஹிதாவும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஒற்றை ரிங்கு விடவில்லை. அந்த எண்ணைக் கூப்பிட்டு, காதில் வைத்து, அடிக்க விட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் எடுக்கத் தயங்குகிறார்கள் என்று தெரிந்தும் அவள் துண்டிக்கவில்லை.

கடைசியில் எடுத்தார்கள். காற்றும் எஞ்சின் இரைச்சலும் குரலைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டன.

"அக்கா..." ஜூடின்தான். அழுதுவிடுகிற குரலில் இருந்தான். "நீட்டி அடிக்கிறியே... சொல்லிரு அக்கா, மறைக்காத... வீட்டுல யாரு போயிட்டா?"

"யாரும் போவலடே" என்றாள் ஜெசிந்தா. "நீதானான்னு கேக்கத்தான் அடிச்சேன்."